எம்.ஜி.பி. வாங்கியாயிற்றா? அந்தச் சில்லை இன்னும் அறுக்காதீர்கள்

போன மாதம் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். ஈரோட்டுக்காரர். எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில், 1972 ரோட்ஸ்டர் (கூரையில்லாத வகை) ஒன்றை வாங்கி ஆறு வாரம்தான் ஆகிறது.

"அண்ணா, ரெண்டு பக்கமும் சில் ஒரே துரு. ஞாயித்துக்கிழமை ரெண்டையும் அறுத்துத் தள்ளிட்டேன். புதுசு வந்ததும் வெல்டிங் வெச்சிர வேண்டியதுதான்."

சில் என்பது கதவுக்குக் கீழே ஓடும் தகடு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "கதவு மாட்டித்தானே இருக்கு?" என்றேன்.

"இல்லண்ணா, இடைஞ்சலா இருந்துச்சு. கழட்டி வெச்சுட்டேன்."

பதினோரு வருடத்துக்கு முன் கோவென்ட்ரியில், என் வீட்டுக் காரேஜில் நான் செய்த அதே வேலை. அதே வரிசையில்.

அதனால்தான், பழைய வண்டியைப் புதிதாக வாங்குபவர்கள் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். ஆயில் அளவு பாருங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பளபளப்பைப் பார்த்து வாங்குவது

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் என்று எந்த உதிரிபாகத்துக்கும் இன்றைக்கும் பஞ்சமில்லை. பணத்தை விழுங்குவது உடம்புத் தகடுதான். புதியவர்களோ இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, புதுச் சிவப்புப் பெயின்டைக் கண்குளிரப் பார்த்து, காசை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. இன்ஜின் செத்து, உடம்பு நன்றாக இருக்கும் வண்டி கிடைத்தால் அதுதான் அதிர்ஷ்டம்.

சில்லை அறுப்பது

இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில் என்பது கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஓடும் பெட்டி போன்ற தகடு. பார்க்க அலங்காரப் பட்டை மாதிரி இருக்கும். இதற்கு முந்தைய மாடலான எம்.ஜி.ஏ.வுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. எம்.ஜி.பி.க்கு அது கிடையாது, உடம்பேதான் சேசிஸ். அதிலும் ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. முறத்தின் விளிம்பில் பிரம்பு வைத்துக் கட்டுவார்களே, அந்த வேலையைத்தான் சில் செய்கிறது. பிரம்பை உருவினால் முறம் தொய்ந்துவிடும்.

அந்தப் பெட்டிக்குள் வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக இன்னொரு தகடு, அடியில் காஸில் ரெயில் என்ற தாங்கும் தகடு என்று நாலு சமாச்சாரம் இருக்கிறது. முன் சக்கரம் வாரியடிக்கும் சேறு ஃபெண்டருக்குப் பின்னால் சேர்ந்து, ஈரத்தை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்பு வேறு தூவுகிறார்கள். ஆகவே சில் உள்ளேயிருந்து வெளியே அரிக்கும். வெளியே ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே நடுத்தகடு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

என் வண்டியை விற்றவர் "சில் மாற்றியாச்சு" என்றுதான் சொன்னார். துருப்பிடித்த பழைய சில்லின் மேல் புதுத்தகட்டைப் போர்த்தி ஒட்டியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. புண்ணைக் கழுவாமல் கட்டுப் போட்ட கதை. முறையான சில் முன் ஃபெண்டருக்கு அடியிலும் பின் ஃபெண்டருக்கு அடியிலும் நுழைந்து போக வேண்டும். ஃபெண்டர் ஓரத்தோடு நின்றுவிட்டால், அது சில் இல்லை, ஒட்டு.

கோபத்தில் ஒரே நாளில் இரண்டு பக்கமும் அறுத்தேன். வண்டி முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு ஸ்டாண்டுகளில் நின்றது. இன்ஜின் உள்ளேயே இருந்தது. கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தேன். நடுப்பகுதி சில மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியவில்லை. புதுச் சில்லை வைத்து, அழகாக வெல்டிங் செய்து, அரைத்து, பிரைமரும் அடித்தேன். கோணலை நானே நிரந்தரமாக்கிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் கதவை மாட்டினால், பின் ஓரத்தில் கீழே விரல் நுழையும் இடைவெளி, மேலே ஒரு காகிதம்கூட நுழையாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கீல்தான் சரியில்லை என்று முடிவுகட்டி அதை மாற்றினேன். அதுவும் உதவவில்லை என்றதும் அரத்தை எடுத்துக் கதவின் விளிம்பை ராவினேன். நல்ல கதவு அது.

கடைசியில் கோயம்புத்தூரில் அப்பாவின் அம்பாசடருக்கு வழக்கமாக டிங்கரிங் பார்க்கும் பெரியவருக்குப் போன் போட்டேன். (அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. இன்ஜினும் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி சீரிஸ் என்ற ஒரே குடும்பம். அதனால் அவருக்கு இந்த வண்டி மேல் ஒரு பாசம்.) முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "ஏன் கண்ணு, கதவு ஒழுங்காத்தான இருக்குது, வாசக்கால் கோணிப்போச்சுன்னு தெரியலையா?"

முதலில் வாங்கிய தகடுகளுக்கு ஆன செலவு 600 பவுண்டு. மறுபடி அறுத்து, நிமிர்த்தி, வேறு கதவு தேடி வாங்கி முடிக்க 4,000 பவுண்டு தாண்டியது. இவ்வளவுக்குப் பிறகும் என் இடப்பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். அறுக்கும் முன் கதவுகளை மாட்டி, இடைவெளிகளை அளந்து எழுதி வையுங்கள். வண்டியின் பாரம் சக்கரங்களிலோ சஸ்பென்ஷன் தாங்கும் இடங்களிலோ இருக்கட்டும். கதவின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் நடுவே ஆங்கிள் இரும்பைக் குறுக்கே போட்டு இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கம். புதுத்தகட்டை முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டி, கதவை மாட்டிச் சாத்திப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால்தான் முழு வெல்டிங். அதையும் ஒரே இழுப்பில் இழுக்காமல் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று வையுங்கள். சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும்.

லெஸ்டர் தம்பி இன்னும் வெல்டிங் வைக்கவில்லை. அது அவர் செய்த புண்ணியம். கதவுகளைத் திரும்ப மாட்டி, நடுவில் மரக்கட்டை கொடுத்து, ஜாக்கியால் நூல் நூலாக ஏற்றி, இடைவெளி மேலும் கீழும் ஒன்றான பிறகு குறுக்குச் சட்டம் போடச் சொன்னேன். இரண்டு சனிக்கிழமை போனது.

எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரிப்பது

பிரிக்க ஒரு வாரம், பூட்டப் பத்து வருடம். விற்பனைக்கு வரும் "பாதி முடிந்த" வண்டிகள் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன.

மில்லிமீட்டர் ஸ்பானர்

இந்த நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ.; 13 போட்டால் பிடிக்கிற மாதிரி இருக்கும், இறுகிய நட்டில் முனையை மழுக்கிவிட்டு வழுக்கும். அங்குல ஸ்பானர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கார்புரேட்டரை நோண்டுவது

வண்டி தடுமாறினால் உடனே எஸ்.யு. கார்புரேட்டரின் ஸ்க்ரூவைத் திருக எல்லோருக்கும் கை பரபரக்கிறது. முதலில் வால்வு இடைவெளி, பிறகு பாயின்ட், கண்டென்சர், டைமிங். கார்புரேட்டரின் மேலே இருக்கும் டேஷ்பாட் என்ற குப்பியில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள்; அது வற்றியிருந்தால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் மூச்சடைக்கும். இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் ஸ்க்ரூவுக்குப் போங்கள்.

லூக்காஸைத் திட்டுவது

விளக்கு எரியவில்லை என்றால், இந்த வண்டிகளுக்கு மின்சாதனங்கள் செய்த லூக்காஸ் கம்பெனியைக் கேலி செய்வது இந்த ஊர் வழக்கம். ஐம்பது வருடம் நனைந்த கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறது, எர்த் வயரின் அடியில் துரு. சுரண்டிவிட்டுப் பேசுங்கள்.

பாசிட்டிவ் எர்த்

1967-க்கு முந்திய எம்.ஜி.பி.யா? அதில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். நெகட்டிவ் எர்த்துக்கான புது ரேடியோவை மாட்டாதீர்கள்.

ட்ரன்னியனுக்கு கிரீஸ்

இது இன்னொரு பழைய பிரிட்டிஷ் காரான டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கு. ட்ரன்னியன் என்பது முன் சக்கரம் திரும்பும் மூட்டு. கிரீஸ் இல்லை, இ.பி.90 கியர் எண்ணெய். எண்ணெய் போகாத மரை துருப்பிடித்து முறிந்தால் முன் சக்கரம் அப்படியே மடிந்து படுத்துக்கொள்ளும்.

எம்.ஓ.டி. இல்லை என்று சந்தோஷப்படுவது

2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யாத 40 வயது தாண்டிய வண்டிக்கு, எம்.ஓ.டி. என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை இங்கே கட்டாயமில்லை. நான் வருடா வருடம் காசு கொடுத்துச் சோதித்துக்கொள்கிறேன். போன முறை பின் பிரேக் குழாயில் கசிவைக் கண்டுபிடித்தார்கள். நான் அடியில் படுத்துப் பார்த்தும் என் கண்ணில் படாதது.

ஹப்பை இடம் மாற்றி மாட்டுவது

கம்பிச் சக்கர வண்டியில் நடுவே ஒரே ஒரு பெரிய நட்டு. இடப்பக்கம் வலமரை (வலமாகத் திருகினால் இறுகும்), வலப்பக்கம் இடமரை. ஓட ஓடத் தளராமல் இருப்பதற்கான ஏற்பாடு. பெயின்ட் அடிக்கக் கழற்றிய, சக்கரம் உட்காரும் ஹப்புகளை நான் பக்கம் மாற்றி மாட்டிவிட்டேன். கெனில்வொர்த் அருகே ஏ46 சாலையில் வலப்பக்கம் டக் டக் என்று சத்தம். ஓரமாக நிறுத்திப் பார்த்தால், செம்புச் சுத்தியலால் அடித்து இறுக்கிய நட்டு என் விரலுக்கே சுழன்றது.