ஃபிங்கர்பிக்கிங்: கட்டைவிரல் கைக்கு வரும்வரை

கம்பியை மீட்டும் சிறு வில்லையான பிக்கைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் கிட்டார் வாசிக்கத் தொடங்கும் பலரும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும்தான் கவனிக்கிறார்கள். மெட்டு அங்கே கேட்கிறது, காதும் அங்கேயே போய்விடுகிறது. ஆனால் தாளம் இருப்பது கட்டைவிரலில். அது தடுமாறினால் மேலே எவ்வளவு அழகாக வாசித்தாலும் பாட்டு நிற்காது.

தடித்த கம்பிகளான 6, 5, 4 மூன்றும் கட்டைவிரலுக்கு. 3-வது ஆள்காட்டி விரலுக்கு, 2-வது நடுவிரலுக்கு, 1-வது மோதிரவிரலுக்கு. முதல் சில மாதங்களுக்கு இதை மாற்றாதீர்கள். அகப்பட்ட விரலால் அகப்பட்ட கம்பியை மீட்டினால், அடுத்த நாள் அதே வரியைக் கை வேறு மாதிரி வாசிக்கும்.

எல்லா கார்டுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுக்கும்) 6-வது கம்பியிலேயே தொடங்குவது இன்னொரு தவறு. ஜி கார்டுக்கு அது சரி. சி-க்கு 5-வது, டி-க்கு 4-வது கம்பிதான் அடி ஸ்வரம். டி-யைப் பிடித்துக்கொண்டு 6-வதைத் தொட்டால் அடியில் ஈ (E) ஸ்வரம் ஒலித்து, கார்டே கலங்கிவிடும்.

நான் சொல்லும் பயிற்சி இதுதான். சி-யைப் பிடித்து, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, கட்டைவிரலால் மட்டும் 5, 4, 5, 4 என்று மாறி மாறி மீட்டுங்கள். வாய் 'தகதிமி' சொல்லட்டும். 'த'விலும் 'தி'யிலும் கட்டைவிரல் விழ வேண்டும். பேசிக்கொண்டே வாசிக்க முடிகிற அளவுக்கு அது ஊறிய பிறகு, 'க'வில் நடுவிரலைச் சேருங்கள். 'மி'யில் ஆள்காட்டி விரல் அதற்கும் பிறகு. இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தவர்கள் திரும்பி இதே இடத்துக்கு வருவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

மாறி மாறி ஒலிக்கும் இந்த பேஸ் (அடி ஸ்வர) முறைக்கு, அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்த கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸின் (1917–1983) பெயரால் டிராவிஸ் பிக்கிங் என்று பெயர். அவர் பெரும்பாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்தே வாசித்தார். இடதுகைப் பழக்கமுள்ள அமெரிக்க நாட்டுப்புறக் கலைஞர் எலிசபெத் காட்டன், வலதுகைக்காரர்களின் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, பேஸை விரல்களாலும் மெட்டைக் கட்டைவிரலாலும் மீட்டினார். விரல் மாறலாம், பேஸ் ஆடக் கூடாது.

கை நிலையில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒளிந்தால் ஆள்காட்டி விரலோடு மோதும். அது கிட்டாரின் கழுத்துப் பக்கம் சற்று முன்னே இருக்கட்டும். கம்பியை வெளிப்பக்கமாக இழுத்தால் அது கழுத்திலுள்ள உலோகக் கட்டையான ஃப்ரெட்டில் அடித்து 'பட்'டென்று கேட்கும். விரலை உள்ளங்கையை நோக்கி மடக்கி மீட்டுங்கள். சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றி வாசிக்கும் பெரிய கலைஞர்களும் உண்டு, ஆனால் தொடக்கத்தில் அழுத்தி ஊன்றினால் மற்ற விரல்களும் இறுகிவிடும். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கார்டு மாற்றும்போது வலது கையை நிறுத்திக் காத்திருப்பதுதான் விடவே கடினமான பழக்கம். சி-யிலிருந்து ஜி-க்குப் போகும்போது இடது கை வந்து சேராவிட்டாலும், கட்டைவிரல் 6-வது கம்பிக்குப் போய் நேரத்துக்கு மீட்டட்டும். ஒரு தட்டு வெறும் கம்பி ஒலித்தால் ஒலிக்கட்டும், இடது கை அடுத்த தட்டில் வந்து சேர்ந்துகொள்ளும்.