சந்தா கட்டியாச்சு, சங்கத்திடம் வேலை வாங்குவது எப்படி?

சந்தா ரசீதை ஃபைலில் போட்டுவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிடும் உறுப்பினருக்கு வருஷக் கடைசியில் மிஞ்சுவது ஒரு காலண்டரும் மே 5 வணிகர் தின அழைப்பிதழும்தான். வேலை கொடுப்பவருக்குத்தான் வர்த்தகர் சங்கம் வேலை செய்யும்.

புதுச்சேரி, கடலூர் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் முதலில் உங்கள் கடை எந்த எல்லையில் இருக்கிறது என்று பாருங்கள். வெளியூர்க்காரருக்கு எல்லாமே 'பாண்டி'தான். ஆனால் உழவர்கரை நகராட்சிக்குள் இருக்கும் கடைக்காகப் புதுச்சேரி நகராட்சியில் கொடுத்த மனு நகராது. கடலூரில் 2021 முதல் மாநகராட்சி. தமிழ்நாடு வணிகர் நல வாரியத்தில் சேரச் சங்க அலுவலகமே வழிகாட்டும்; புதுவைக் கடைக்காரருக்கு அந்த வாரியம் கிடையாது.

சங்கம் வழியாக மனு கொடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "பார்க்கிங் பிரச்சினை, குப்பை, மின்வெட்டு, வரி" என்று நாலையும் ஒரே தாளில் எழுதினால், எந்தத் துறையும் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ளாது. ஒரு மனு, ஒரு விஷயம், ஒரு பக்கம். கடலூர் லாரன்ஸ் ரோட்டில் சரக்கு இறக்க நேரம் வேண்டுமென்றால், ஒரு வாரம் எந்த நாள் எத்தனை மணிக்கு எத்தனை வண்டி நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். தேதியோடு நாலு போட்டோ, பக்கத்துக் கடைக்காரர்களின் கையெழுத்து, லைசென்ஸ் எண். கேட்பதும் திட்டவட்டமாக இருக்கட்டும்: "காலை 6 முதல் 9 வரை". செயற்குழு கூடுவதற்கு ஒரு வாரம் முன்பே செயலாளரிடம் கொடுத்து, நிகழ்ச்சி நிரலில் ஏற்றச் சொல்லுங்கள். மேடை முடிந்து டீ குடிக்கும்போது தலைவர் காதில் போட்ட விஷயம் டீயோடு போய்விடும். கடலூரில் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் சங்கத்தின் லெட்டர்பேடில் கொடுத்து, மனு எண்ணை வாங்கி வையுங்கள்.

பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே தேவை இருந்தால் முகாம் கேட்கலாம். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை வேண்டும். தனித்தனியாக அலைவதைவிட, முத்திரை ஆய்வாளரைச் சங்கக் கட்டடத்துக்கே வரவழைக்க முடியுமா என்று செயலாளர் வழியாகக் கேளுங்கள்.

அடுத்து வராத பாக்கி. வாங்கியவரும் அதே சங்கத்து உறுப்பினர் என்றால், நிர்வாகிகள் முன்னிலையில் உட்கார்ந்து பேசுவதைப்போல மலிவான வழி இல்லை. பில், டெலிவரி சலான், இருவர் லெட்ஜரும் மேசையில் இருக்க வேண்டும். முடிவைத் தவணைத் தேதிகளோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இங்கே ஒரு பள்ளம் உண்டு. செக் திரும்பியிருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். "சங்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், நோட்டீஸ் ஒரு பக்கம் போகட்டும்.

நீங்கள் உற்பத்தியாளரோ சேவை தருபவரோ, உத்யம் பதிவில் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் சட்டமும் துணைக்கு வரும். வாங்கியவர் உங்கள் பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. தீராவிட்டால் குறு, சிறு நிறுவனங்களின் பாக்கிப் புகாருக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் பதியலாம். உத்யம் எண்ணைச் சரக்கு அனுப்பும் முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கினால் வழக்கில் அதையே பிடித்துக்கொள்வார்கள். வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் எண் கிடைத்தாலும் இந்தப் பாக்கிச் சட்டம் பொருந்தாது. வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான் அது உதவும்.

சங்கக் கூட்டத்தில் கிடைத்த புது வாடிக்கையாளர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தால், கன்னியக்கோயில் தாண்டினாலே வேறு மாநிலம் என்பதை மறக்காதீர்கள். பில்லில் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஜிஎஸ்டி) போட வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு, எடுக்க வேண்டும். பொருள் விற்பவர் ஜிஎஸ்டி பதிவு செய்யத் தமிழ்நாட்டில் வருட விற்றுமுதல் வரம்பு 40 லட்சம், புதுவையில் 20 லட்சம். வரம்புக்குள் இருந்தாலும் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் பதிவு கட்டாயம். நட்புக்காக ஒரு லோடு அனுப்பிவிட்டு வழியில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

பண்ருட்டியிலிருந்து முந்திரி ஏற்றுமதி செய்பவருக்குப் பூர்வீகச் சான்றிதழ் (சரக்கு எந்த நாட்டுடையது என்று சொல்லும் தாள்) தேவைப்படும். எல்லாச் சங்கமும் அதைக் கொடுக்க முடியாது. வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் பட்டியலில் சங்கத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அதற்கென்று சந்தா கட்டுங்கள்.

கடைசியாக இன்சூரன்ஸ். 2011 'தானே' புயல், 2024 'ஃபெஞ்சல்' புயல் இரண்டும் கரை கடந்தது இந்தப் பக்கம்தான். கடை, சரக்கு எல்லாம் சேர்த்து 5 கோடி வரை மதிப்புள்ளவர்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசி உண்டு. புயல், வெள்ளச் சேதம் அதிலேயே அடக்கம். செப்டம்பர் கூட்டத்துக்கே இன்சூரன்ஸ் அலுவலரை அழைக்கச் சொல்லுங்கள். புயல் சின்னம் உருவான பிறகு புதுப் பாலிசி கேட்டால் தயங்குவார்கள். கடை முகவரி மட்டும் பாலிசியில் இருந்து, சரக்கு குடோனில் நனைந்தால் பணம் வராது. இரண்டு முகவரியையும் எழுதச் சொல்லி, மாதக் கடைசி ஸ்டாக் கணக்கின் ஒரு நகலைக் கடைக்கு வெளியே வேறெங்காவது வைத்திருங்கள்.