ஸ்காட்லாந்து கிராமத்து வீடு: கரண்ட் போவதற்கு முன்பே திருத்திக்கொள்ள வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தில் கிராமத்துப் பக்கம் குடியேறப் போகிறோம் என்றதும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான், "குளிர் தாங்குமா?" நாங்கள் இருப்பது அபர்டீன்ஷயரில், டீசைடு பகுதியில், ஒரு பழைய கல் வீடு. இதே பக்கத்தில் இருக்கும் பிரேமார் ஊரில் 1982 ஜனவரி 10 அன்று மைனஸ் 27.2 டிகிரி பதிவானது, பிரிட்டனில் அதற்குக் கீழே எங்கும் பதிவானதில்லை. இருந்தாலும் குளிரை மட்டும் மனதில் வைத்துத் தயாராவதுதான் முதல் தவறு என்பேன். குளிருக்கு நல்ல உடுப்பு போட்டுக்கொள்ளலாம். ஆளைப் படுத்தி எடுப்பது காற்றும் ஈரமும், அப்புறம் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போகும் நாட்களும்தான்.

"நம் வீட்டைச் சூடாக்குவது எண்ணெயில் ஓடும் பாய்லர், கரண்ட் போனால் நமக்கென்ன?" என்று நாங்களும் நினைத்திருந்தோம். 2021 நவம்பர் 26 இரவு ஆர்வென் புயல் வந்தபோதுதான் புரிந்தது. இங்கே பலமான காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும், மரங்களும் அதைத் தாங்கும்படியே வேர் பிடித்து நிற்கும். அன்று வடக்கிலிருந்து அடித்ததில் காடு காடாகச் சாய்ந்து, கம்பிகள் அறுந்து, சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. டேங்க் நிறைய எண்ணெய் இருந்தும் எங்கள் பாய்லர் அசையவில்லை, ஏனென்றால் எண்ணெயைப் பற்றவைப்பதும் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு வெந்நீரைத் தள்ளுவதும் மின்சாரம்தான். குழாயில் தண்ணீரும் நின்றது, எங்களுக்கு ஆழ்துளைக் கிணறு, அதில் மோட்டார். தண்ணீரைச் சுத்திகரிக்கும் புற ஊதா விளக்கும் அணைந்துவிட்டதால் குழாயில் மிச்சமிருந்ததையும் கொதிக்கவைக்காமல் குடிக்க முடியாது. இணையம் வழியாக வரும் தரைவழி போன் ரவுட்டரோடு சேர்ந்து செத்துவிட்டது, கொஞ்ச நேரத்தில் மொபைல் சிக்னலும் போனது.

அடுத்த பண்ணை வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். அவருக்கு என்ன ஆனதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்படியில் மூடி போட்ட நான்கு பெரிய பானைகளில் தண்ணீர், குளியல் தொட்டி நிறையக் கழிப்பறைக்கு ஊற்றத் தண்ணீர், விறகடுப்பின் மேல் சூப். "காத்து வடக்கே திரும்பப் போகுதுன்னு ரேடியோவில் சொன்னாங்களே, நீ தண்ணி பிடிச்சு வைக்கலையாம்மா?" என்றுதான் என்னைக் கேட்டார். இப்போது புயல் எச்சரிக்கை வந்தால் எங்கள் வீட்டில் முதலில் நடப்பது அதுதான். பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், தலையில் மாட்டும் டார்ச், இவை மூன்றும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். மின்தடைக்கு அழைக்கும் எண் 105, அதைச் சுவரில் எழுதி வையுங்கள். வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் மின்விநியோக நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் இன்றைக்கே பதிந்துவிடுங்கள், தரைவழி போனுக்குத் துணை பேட்டரி தருவார்களா என்று போன் நிறுவனத்திடமும் கேளுங்கள். தயவுசெய்து பார்பிக்யூ அடுப்பை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

விறகடுப்பு இருந்தால் பாதிக் கவலை தீரும், ஆனால் ஈர விறகை வாங்கிக் குவிக்காதீர்கள். முதல் வருடம் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு லோடு இறக்கினோம். அடுப்பில் வைத்தால் கட்டையின் முனையில் நுரை கொப்பளித்து உஸ்ஸென்று சீறும், அறை சூடாகாது, ஒரே மாலையில் அடுப்புக் கண்ணாடி கரிப்பிடித்துப் போகும். அதே கரி புகைபோக்கிக்குள்ளும் தாராகப் படியும், ஒருநாள் அதுவே தீப்பற்றும். விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அளக்கும் கருவி விலை அதிகமில்லை, கட்டையைப் பிளந்து உட்பக்கத்தில் அளக்க வேண்டும், வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்த மாதிரிதான் காட்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் ஒன்றோடொன்று இணைந்த தீ அலாரங்களும் 2022 பிப்ரவரியிலிருந்து ஸ்காட்லாந்தில் விதியாகவே ஆகிவிட்டன.

ஈரம் வேறு கதை. காற்று வருகிறதே என்று சுவரில் இருந்த காற்றுத்துளைகளை எல்லாம் துணி வைத்து அடைத்தோம், ஜன்னலைத் திறக்கவே இல்லை, வெளியே மழை என்பதால் துணியை ரேடியேட்டர் மேலேயே காயவைத்தோம். ஒரு முறை துவைத்த துணியிலிருந்து ஏறத்தாழ 2 லிட்டர் தண்ணீர் வீட்டுக்குள் ஆவியாகப் பரவும், அது போய் உட்காரும் இடம் குளிர்ந்த வெளிச்சுவர். ஜனவரியில் அலமாரியை நகர்த்தினால் பின்னால் சுவர் முழுக்கக் கரும்புள்ளியாகப் பூஞ்சணம், உள்ளே தோல் செருப்பில் பச்சைச் சாம்பல் பூத்திருந்தது. இப்போது காலையில் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுகிறோம், வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் மரச்சாமான் எதையும் போடுகிறோம். கல் வீட்டில் இன்னொன்றும் உண்டு, இது பெரிய தவறு: கல்லுக்கு இடையே சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசுவது. சுண்ணாம்பு, சுவர் குடித்த மழையை வெளியே விடும். சிமென்ட் விடாது. மேஸ்திரி எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எண்ணெயை டிசம்பரில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். பொதுவாக 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவர மாட்டார்கள், பனி விழுந்தால் உங்கள் மண்பாதையில் லாரி ஏறாது. செப்டம்பர், அக்டோபரிலேயே டேங்கை நிரப்புங்கள். குளிர்காலத்தில் ஊருக்குப் போனால் ஹீட்டிங்கை முழுக்க அணைத்துவிட்டுப் போகாதீர்கள், குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்தால் திரும்பி வரும்போது உட்கூரை இடிந்து கிடக்கும். மெயின் வால்வு எங்கே என்று குடியேறிய அன்றே பார்த்துவையுங்கள், எங்களுடையது சமையலறை சிங்குக்குப் பின்னால் பலகை அடித்து மறைத்திருந்தது. பாய்லரிலிருந்து வெளியே வரும் பிளாஸ்டிக் குழாய் உறைந்து பாய்லர் நின்றால் வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள், கொதிநீர் ஊற்றினால் குழாய் விரிசல் விடும். ஈரத் துடைப்பான்களை (வெட் வைப்ஸ்) செப்டிக் டேங்குக்கு அனுப்பாதீர்கள், பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

கோடையில் புல்வெளி, பெரணிப் புதர் பக்கம் நடந்து வந்தால் குழந்தைகளின் முழங்கால் மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் கூடாது, உண்ணி எடுக்கும் சிறு கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுங்கள். லைம் நோய் என்ற தொற்று வருவது உண்ணி கடிப்பதால்தான்.

கடைசியாகச் சாலை. பனிக்காலத்தில் பிரேமாரிலிருந்து தெற்கே க்ளென்ஷீ வழியாகப் போகும் சாலையை இரும்புக் கதவு போட்டு மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் பாருங்கள், காரில் மண்வெட்டியும் போர்வையும் இருக்கட்டும். ஒற்றை வண்டிச் சாலையில் ஒதுங்குவதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள், பின்னால் ஆம்புலன்ஸோ பால் லாரியோ வரலாம். அந்த இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள், வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே சாலையிலேயே நின்று எதிரே வருபவரை ஒதுங்க விடுங்கள். அவர் கடந்து போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து விரலைத் தூக்கிக் காட்டுவார், நீங்களும் காட்டுங்கள்.