பாலக்காட்டு எல்லையில் மலிவாக ஒரு யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன்: எதை விடலாம், எதை விடக்கூடாது

1990-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ‘ஸ்பார்க்ஸ்டேஷன் எஸ்எல்சி’ என்ற யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷனை 5,000 டாலருக்குள் விற்றது. அந்தக் காலத்து ஒர்க்ஸ்டேஷன் விலைக்கு அது பெரிய இறக்கம். தனிப் பெட்டி கிடையாது. போர்டு முழுவதும் 17 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையின் முதுகிலேயே இருந்தது. ஹார்ட் டிஸ்க் இல்லை, விசிறி இல்லை, வண்ணம் இல்லை. ஆனால் 1152-க்கு 900 புள்ளித் திரையிலும், ஈத்தர்நெட்டிலும், 16 எம்பி வரை போடக்கூடிய ரேமிலும் கை வைக்கவில்லை. வேலை செய்பவரின் கண்ணுக்கும் நினைவகத்துக்கும் நெட்வொர்க்குக்கும் காசு, மற்றதெல்லாம் வெட்டு. கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ கோபாலபுரத்திலோ இன்று ஒரு யூனிக்ஸ் மெஷின் (ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வழி இயங்குதளம் ஓடும் கம்ப்யூட்டர்) கட்ட நினைப்பவருக்கும் இந்தக் கணக்குதான் சரி.

இப்போது வாங்குவதற்கு நல்ல காரணம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல்லின் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ள பிராசஸர்களை ஏற்பதில்லை. அதனால் 6, 7-ஆம் தலைமுறை மெஷின்களை அலுவலகங்கள் கழித்துக்கட்டுகின்றன. யூனிக்ஸுக்கு அவை தாராளம்.

தேட வேண்டியவை டெல் பிரிசிஷன் 3620, ஹெச்பி இசட்240, லெனோவோ திங்க்ஸ்டேஷன் பி310. மூன்றிலும் இருப்பது சி236 சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சில்லு). சாதாரண அலுவலக மாடல்களுக்கும் இவற்றுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம், இவை பிழை திருத்தும் ‘இசிசி’ ரேமை ஏற்கும் என்பதே. இந்த வரிசையில் ஜியான் இ3, கோர் ஐ3-6100 போன்ற இன்டெல் பிராசஸர்களுக்கு இசிசி வேலை செய்யும். ஐ5, ஐ7-க்குச் செய்யாது. கடைக்காரர் ஐ7-ஐ உயர்வாகச் சொல்லுவார். இந்த வேலைக்கு ஐ3-தான் மேல். ஜியான் எடுத்தால் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். இ3-1225 வி5, 1245 வி5 இரண்டிலும் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. 1220, 1230, 1240 ஆகியவற்றில் கிடையாது. தனி கார்டு போடாமல் திரையில் ஒன்றும் வராது. பலர் மெஷினே செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது இங்கேதான்.

கோயம்புத்தூரில் வாங்கினாலும், கொச்சியின் பென்டா மேனகா கடை வளாகத்தில் வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் பயாஸுக்குள் (மெஷின் எழும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) நுழைந்து பாருங்கள். பழைய கம்பெனியின் அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். சில மாடல்களில் ஜம்பரைக் கழற்றி அதை நீக்கலாம்; சிலவற்றில் நடக்காது. தேதி பின்னோக்கிப் போயிருந்தால் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று பொருள். மீட்டரில் 2.8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்ற வேண்டும். அது சின்னச் செலவு. எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குள் இருக்கும் பவர் சப்ளை) சின்னச் செலவு அல்ல. டெல்லும் ஹெச்பியும் பெரும்பாலும் 24 பின் ஏடிஎக்ஸ் இணைப்பைத் தருவதில்லை. அவரவர் சொந்த இணைப்புதான். தெருமுனைக் கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது. ஆகவே கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, சத்தமோ கருகிய வாடையோ வருகிறதா என்று பாருங்கள்.

ரேமில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இசிசி ரேமில் 64 பிட் தரவோடு 8 பிட் சரிபார்ப்பும் சேர்ந்து 72 பிட் போகிறது. ஒரு பிட் புரண்டால் தானே திருத்தும். இரண்டு புரண்டால் கண்டுபிடித்துச் சொல்லும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பழைய சர்வர் ரேமும் இசிசிதான். ஆனால் அது ரெஜிஸ்டர்டு வகை, அதாவது சிக்னலை இடையில் வாங்கித் தரும் கூடுதல் சில்லு உள்ளது. ஸ்லாட்டில் உட்காரும், மெஷின் எழாது. நமக்கு வேண்டியது அந்தச் சில்லு இல்லாத அன்பஃபர்டு இசிசி. லேபிளில் ‘பிசி4-2133பி’ என்ற எண்ணை அடுத்து வரும் ஆங்கில எழுத்தைப் படியுங்கள்: ‘இ’ என்றால் சரி, ‘ஆர்’ என்றால் ரெஜிஸ்டர்டு, ‘யூ’ என்றால் இசிசி இல்லாத சாதாரண ரேம். 8 ஜிபி இரண்டு போடுங்கள், 16 ஜிபி ஒன்று வேண்டாம். இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போது உள்கிராபிக்ஸுக்கு நல்ல வித்தியாசம் தெரியும். போட்டபின் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸை ஓர் இரவு முழுக்க ஓட்டுங்கள். பிழை வந்தால் உடனே ரேமைக் குறை சொல்லாமல், தங்கப்பூச்சு முனையைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. பூச்சு போனால் அந்த ரேம் போனதுதான்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் வீடு முழுக்க மண்ணை வாரி இறைக்கும் ஊர் இது. பழைய மெஷினைத் திறந்ததும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி தூசு இருக்கும். பிளோயரால் ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதிவேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, ஒரு துவரம்பருப்பு அளவு புதிதாக வைத்தால் போதும். முழு வேலையில் 80 டிகிரிக்குள் நின்றால் பங்குனி, சித்திரை வெயிலையும் தாங்கும்.

அடுத்து எர்த். இதைத் தள்ளிப்போடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் கேபினட்டோடு இணைந்திருக்கின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் இறங்கும். இல்லாவிட்டால் கேபினட் 230-ல் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். வெறுங்காலில் தொட்டால் சுர்ரென்று இழுப்பதும், யூஎஸ்பி போர்ட்டுகள் காரணமில்லாமல் சாவதும் இதனால்தான். மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வைத்து மூன்று அளவு எடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 பக்கம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். கடைசி அளவு 5-ஐத் தாண்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் மண் வறண்டால் நல்ல எர்த்தும் கெட்டுப்போகும்.

600 விஏ யூபிஎஸ் ஒன்று போதும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி 84 வாட்-மணி. மெஷினும் எல்இடி மானிட்டரும் சேர்ந்து 60 வாட் இழுத்தால் புது பேட்டரியில் அரை மணி நேரம் எதிர்பார்க்கலாம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பதால் யூபிஎஸ்ஸை மேற்குச் சுவர் ஓரம் வைக்காதீர்கள். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடி பெரும்பாலும் சாயங்காலத்தில்தான் வரும். அப்போது பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் பிடுங்குங்கள். ஃபைபர் இழை மின்னலைக் கொண்டுவராது. ஆனால் ஃபைபர் மோடத்தின் அடாப்டர் வழியாக வந்து கேபிளில் ஏறும்.

பயாஸில் மூன்று மாற்றம். டெல் மெஷின்களில் டிஸ்க் அமைப்பு பெரும்பாலும் ‘ரெய்டு’ (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும்) நிலையில் வரும். அதைச் சாதாரண ‘ஏஎச்சிஐ’ நிலைக்கு ஆக்காவிட்டால், போர்டில் நேராகச் செருகும் என்விஎம்இ எஸ்எஸ்டி இருந்தால் அது இன்ஸ்டாலரின் கண்ணில் படாமல் போகும். கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டும் ஏற்கும் ‘செக்யூர் பூட்’டை அணைக்க வேண்டும். கரண்ட் திரும்பியதும் தானாக எழுவதையும் அணையுங்கள்; விட்டு விட்டு வரும் கரண்டில் பத்து முறை எழுந்து விழுவது டிஸ்க்குக்கு நல்லதல்ல.

யூனிக்ஸாக ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தை இன்ஸ்டால் செய்யும்போது ‘ஆட்டோ இசட்எஃப்எஸ்’ என்பதில் (இசட்எஃப்எஸ் என்பது தரவுப் பிழையைத் தானே சரிபார்க்கும் கோப்பு முறை) மிரர், அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகல், தேர்ந்து, ஒரே அளவுள்ள இரண்டு சாட்டா எஸ்எஸ்டிகளைக் கொடுங்கள். இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டும் சாகும் வாய்ப்பு குறைவு. பழைய ஹார்ட் டிஸ்க் போடுவதானால் டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ பட்டியலில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள மூன்று வரிகளின் அளவும் (கெட்ட பகுதிகளின் கணக்கு) பூஜ்யமாக இருக்க வேண்டும். 16 ஜிபி ரேமில் இசட்எஃப்எஸ் ரேமில் பிடித்துவைக்கும் ‘ஏஆர்சி’ கேஷுக்கு 4 ஜிபி உச்சவரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் பிரவுசர் திறக்கையில் திணறும். இன்டெல் கிராபிக்ஸுக்கு ‘டிஆர்எம்-கேமாட்’ என்ற டிரைவர் பேக்கேஜைப் போட்டு, உங்கள் பயனர் பெயரை ‘வீடியோ’ குழுவில் சேர்க்க வேண்டும். இந்த டிரைவர் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வெளியீட்டு எண்ணோடு பொருந்தியாக வேண்டும். சிஸ்டத்தை மேம்படுத்திய மறுநாள் திரை இருண்டால் சிங்கிள் யூசரில் (பழுதுபார்க்கும் நிலை) ஏறி அந்த டிரைவரை ஏற்றும் வரியை நீக்கிவிட்டு, மூல நிரல் தொகுப்பான போர்ட்ஸிலிருந்து புதிதாகக் கம்பைல் செய்யுங்கள்.

கேரளப் பள்ளிகளில் ‘கைட்’ என்ற அரசு நிறுவனம் தரும் லினக்ஸில் பழகிய பிள்ளைகளுக்கு டெஸ்க்டாப் புதிதாக இராது. அவர்களுக்குத் தமிழ், மலையாளம் இரண்டும் வேண்டும். தட்டச்சு மொழி மாற்ற உதவும் ஐபஸ்ஸும் எம்17என்-னும் போட்டு, தமிழுக்குத் தமிழ்99, மலையாளத்துக்கு இன்ஸ்கிரிப்ட் என வைத்தால் ஒரே விசையில் மாற்றிக்கொள்ளலாம்.

ட்யூஷன் சென்டருக்கு ஐந்தாறு மெஷின் என்றால் அந்த ஸ்பார்க்ஸ்டேஷன் எஸ்எல்சி போலவே டிஸ்க் இல்லாமல், ஒரு சர்வரிலிருந்து ஓட்டலாம். எஸ்எல்சி நெட்வொர்க்கில் ‘ரார்ப்’ முறையில் முகவரி கேட்டு, ‘டிஎஃப்டிபி’-யில் பூட் கோப்பை இழுத்து, ‘என்எஃப்எஸ்’ஸில் ரூட்டை (கோப்புகளின் மூல அடைவு) ஏற்றியது. இன்று ரார்ப்புக்குப் பதில் டிஎச்சிபி. மற்ற இரண்டும் அப்படியே. அதன் 10 மெகாபிட் கேபிளுக்கு நம் கிகாபிட் நூறு மடங்கு. சர்வர் நின்றால் எல்லாத் திரையும் உறையும் என்பதால் இசிசி ரேமும் யூபிஎஸ்ஸும் முதலில் சர்வருக்கு.

மாதம் ஒரு முறை இசட்எஃப்எஸ் ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டி, பிழைகளைக் காட்டும் ‘செக்சம்’ பத்தியைப் பாருங்கள். ஒரு டிஸ்க்கில் மட்டும் எண் ஏறினால் முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். பாதி நேரம் அதோடு சரியாகும். இரண்டு டிஸ்க்கிலும் ஏறினால் டிஸ்க்கை விட்டுவிட்டு ரேமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சோதியுங்கள்.