இரண்டு ஸ்ட்ரோவில் இரசாயனச் சமநிலை

உயர்தரம் படிக்கிற என் மருமகள் போன கிழமை களுவாஞ்சிக்குடி வீட்டுக்கு வந்தபோது கேட்டாள்: "மாமா, சமநிலை எண்டா ரெண்டு பக்கமும் சரிபாதிதானே?" இல்லை. சமமாக இருப்பது முன்தாக்க வீதமும் (பொருள்கள் விளைவாக மாறும் வேகம்) பின்தாக்க வீதமும் (விளைவு திரும்பப் பழைய பொருள்களாகும் வேகம்) மட்டும்தான். இதை வாயால் சொன்னால் தலையாட்டுவாள், கணக்கில் மறுபடி சரிபாதிதான் போடுவாள். அதனால் தண்ணீரில் செய்து காட்டினேன்.

வேண்டியவை: 50 மி.லீ. அளவுச்சாடி இரண்டு, 8 மில்லிமீற்றர் விட்டமுள்ள தடித்த ஸ்ட்ரோ ஒன்று, 6 மில்லிமீற்றரில் சாதாரண ஸ்ட்ரோ ஒன்று. சாடியைப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கேட்டு வாங்கலாம். கண்ணாடிக் குழாய்தான் நல்லது என்பார்கள், எனக்கு ஸ்ட்ரோதான் பிடிக்கும், விழுந்தால் உடையாது.

முதல் சாடியை A என்றும் மற்றதை B என்றும் வையுங்கள். A இல் 50 மி.லீ. தண்ணீர், B வெறுமை. A இல் இருப்பதைத் தாக்கும் பொருள் என்றும் B யில் சேர்வதை விளைவு என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். தடித்த ஸ்ட்ரோ A க்கு, மெல்லியது B க்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் அடிவரை இறக்கி, மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்கி, A இல் எடுத்ததை B யிலும் B யில் எடுத்ததை A யிலும் விடுங்கள். இது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மட்டத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கோட்டை விட்ட இடம் இதுதான். முதல் நாள் ஸ்ட்ரோ இல்லாமல் இரண்டு பேசினும், பெரிய கோப்பை ஒன்றும் சின்னக் கோப்பை ஒன்றுமாகச் செய்தேன். பெரிய கோப்பை ஒவ்வொரு முறையும் நிரம்பியே வந்தது. பேசினில் தண்ணீர் குறைந்தும் அள்ளும் அளவு குறையவில்லை, கடைசியில் A காய்ந்துபோனது. "எங்க மாமா சமநிலை?" என்று சிரித்தாள். இரவு படுக்கும்போதுதான் பிடிபட்டது. இந்தத் தாக்கத்தில் செறிவு குறையக் குறைய வீதமும் குறைய வேண்டும், கோப்பைக்கு அது தெரியாது. அடிவரை இறக்கிய ஸ்ட்ரோவில் சாடியின் நீர்மட்ட உயரத்துக்குத்தான் தண்ணீர் ஏறும். மட்டம் பாதியானால் எடுப்பதும் பாதி. ஆகவே ஸ்ட்ரோவை அரைகுறையாக இறக்காதீர்கள்.

முதல் சுற்றில் A இலிருந்து ஆறேழு மி.லீ. போகும், B யிலிருந்து ஒன்றும் வராது. போகப்போக A கொடுப்பது சுருங்கும், B கொடுப்பது கூடும். இருபது சுற்றளவில் மட்டங்கள் அசையாமல் நிற்கும். கை மட்டும் நிற்காது, தண்ணீர் இரு பக்கமும் போய்க்கொண்டே இருக்கும். இயக்கச் சமநிலை என்று புத்தகத்தில் போட்டிருப்பது இதைத்தான்.

கணக்குப்படி A இல் 18, B யில் 32 நிற்க வேண்டும். ஸ்ட்ரோவின் குறுக்குவெட்டுப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போவதால் 36 : 64, தடித்த ஸ்ட்ரோ கூட எடுக்கிற A பக்கம்தான் குறைவாக நிற்கும். எங்களுக்கு 18.5, 30.5 வந்தது, மிச்சம் ஒரு மி.லீ. மேசைவிரிப்பில். B ஐ A ஆல் பிரித்தால் 1.65. அதுதான் நம் சமநிலை மாறிலி, அதாவது தண்ணீரைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாத விகிதம்.

இப்போது A க்குள் 10 மி.லீ. ஊற்றி மறுபடி சுற்றுங்கள். எங்களுக்கு 22, 37 இல் நின்றது. அளவுகள் மாறின, விகிதம் 1.68, கிட்டத்தட்ட அதேதான். சேர்த்ததில் பெரும்பகுதி B பக்கம் போனதைக் கவனித்தீர்களா? சமநிலையைக் குழப்பினால் அந்தக் குழப்பத்தைக் குறைக்கும் பக்கமாக அது நகரும், இலே சற்றலியர் தத்துவம் அவ்வளவுதான்.

வேறு அளவு ஸ்ட்ரோ போட்டால் விகிதமே மாறும். வெப்பநிலையை மாற்றுவது அதற்குச் சமன். மாறிலியை மாற்ற அதால் மட்டும்தான் முடியும். வயலுக்கு எறிகிற யூரியாவை நினையுங்கள். அதற்கு வேண்டிய அமோனியாவை நைதரசன், ஐதரசனிலிருந்து எடுக்கும் தாக்கம் வெப்பத்தை வெளிவிடுவது, ஆகவே குளிர்ந்தால் விளைவு கூடும். ஆனால் குளிரில் தாக்கம் ஊரும். அதனால்தான் சுமார் 450 பாகை செல்சியசு, 200 வளிமண்டல அமுக்கம், தாக்கத்தை விரைவாக்கும் இரும்பு ஊக்கி என்று நடுவழி ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள்.

பிற்சேர்க்கை: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி, ஸ்ட்ரோ கிடைக்காமல் பப்பாசிக் குழலில் செய்ததாகவும் விகிதம் ஒத்துவரவில்லை என்றும் எழுதியிருந்தார். பப்பாசித் தண்டு ஒரு முனையில் பருத்து மறுமுனையில் மெலியும். ஒரே பருமனான துண்டாகப் பார்த்து வெட்டி, பால் போகக் கழுவிவிட்டுச் செய்யுங்கள். இன்னொருவர் வீட்டுத் தேநீர்க் குவளையில் செய்து, முப்பது சுற்றுப் போயும் மட்டம் இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறதாம். குவளை அகலம், ஸ்ட்ரோ ஒரு துளிதான் எடுக்கும். ஒடுங்கிய சாடி எடுங்கள் தம்பி, இல்லாவிட்டால் விடிய விடியச் சுற்ற வேண்டியதுதான்.

ஊக்கியை எப்படிக் காட்டுவது என்றும் கேட்டிருந்தார்கள். இரண்டு கையையும் இரட்டிப்பு வேகத்தில் ஆட்டுங்கள். நேரம் பாதியாகும், மட்டங்கள் அதே இடத்தில்தான் நிற்கும்.