கண்டம் தாண்டிய கல்லூரிக் கூட்டுறவு: கையெழுத்துக்கு முன்பே தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியில் 4.0 மதிப்பெண் வாங்கினால் எப்படியோ தேறிவிட்டீர்கள் என்று பொருள், அங்கே 1.0தான் உச்சம். அமெரிக்காவில் அதே 4.0 என்றால் எல்லாப் பாடங்களிலும் முதல் தரம். பிரிட்டனில் 70 எடுத்தவர் முதல் வகுப்பு. 70ஐ நடுத்தர மதிப்பெண்ணாகப் பார்க்கும் நாடுகளும் உண்டு.

ஒரு மாணவி பிரிட்டனில் ஓர் ஆண்டு படித்துவிட்டுத் திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வுப் பிரிவில் இருப்பவர் அவளுடைய 70ஐ அப்படியே 70 என்று பதிகிறார். வகுப்பில் இரண்டாம் இடத்தில் இருந்தவள் பதினெட்டாம் இடத்துக்கு இறங்கிவிடுகிறாள். அவள் மேல் ஒரு தவறும் இல்லை. பதிந்தவர் மேலும் இல்லை. இந்த மதிப்பெண்ணை எப்படி மாற்றுவது என்று இரண்டு கல்லூரிகளும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

கண்டம் விட்டுக் கண்டம் கல்லூரிகள் கைகோக்கும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். கையெழுத்துப் போடுபவர் ஒருவர். நடத்திக்காட்ட வேண்டியவர் வேறொருவர். தேர்வுப் பிரிவு, விடுதி, கணக்குப் பிரிவு என்று வேலை போய்ச் சேரும் இடங்களில் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே பாதிச் சிக்கல் வந்திருக்காது.

புரிந்துணர்வு ஒப்பந்தத்தையே சாதனையாக எண்ணிவிடுவது முதல் தவறு. பெரும்பாலான புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. நல்லெண்ணத்தைச் சொல்லும் தாள் அது. எந்தத் துறை, ஆண்டுக்கு எத்தனை பேர், கல்விக் கட்டணத்தை எந்தக் கல்லூரியில் கட்டுவது, காப்பீடு யார் பொறுப்பு என்பதெல்லாம் தனி ஒப்பந்தமாக வர வேண்டும். பத்துக் கல்லூரிகளோடு வெறும் தாளில் உறவு வைத்திருப்பதைவிட, இரண்டு கல்லூரிகளோடு உண்மையாக வேலை செய்வது எவ்வளவோ மேல்.

அப்புறம் காலண்டர். இதைப் பலரும் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் பிப்ரவரி கடைசியில். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கி, வகுப்புகள் பிப்ரவரி வரை ஓடி, அதன் பிறகும் தேர்வுகள் நடக்கும். அப்படியென்றால் ஜெர்மன் மாணவர் ஒருவர் பிப்ரவரியில் தேர்வு எழுதுவாரா, ஆஸ்திரேலியாவில் முதல் வகுப்பில் உட்காருவாரா? இரண்டு காலண்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பார்க்காமல் விட்டால் மாணவருக்கு ஒரு செமஸ்டர் போகும்.

இரண்டு கல்லூரிகளும் திரை வழியாக நடத்தும் வாராந்தரக் கூட்டத்திலும் இதே கதைதான். பெர்லினுக்கும் சிட்னிக்கும் நேர வித்தியாசம் ஜூலையில் 8 மணி, ஜனவரியில் 10 மணி. இரண்டு ஊர்களும் பருவத்துக்கேற்பக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் எதிரெதிர்த் திசையில், வெவ்வேறு நாளில் மாற்றுவதால் அக்டோபரில் சில வாரங்கள் 9 மணி. ஆறு மாதத்துக்கு ஒரே நேரம் குறித்துவைத்தால் யாராவது ஒருவர் ஆள் இல்லாத திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிவரும்.

கிரெடிட், அதாவது ஒரு பாடத்துக்கான உழைப்பை அளக்கும் அலகு, அதன் கணக்கு கொஞ்சம் எளிது. ஐரோப்பிய முறையில் முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அமெரிக்காவில் வழக்கமாக ஆண்டுக்கு 30. ஆக, இரண்டுக்கு ஒன்று. ஆனால் எண் பொருந்துவது மட்டும் போதாது. எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்பதை மாணவர் விமானம் ஏறுவதற்கு முன்பே துறை எழுத்தில் தந்துவிட வேண்டும்.

ஒரே ஒரு பேராசிரியரை நம்பி எல்லாவற்றையும் கட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. அவர் ஓய்வுபெற்றால் மின்னஞ்சலுக்குப் பதில் வராது. கூட்டுறவும் அதோடு நின்றுவிடும். இரு பக்கமும் இரண்டிரண்டு பேர், எல்லாருக்கும் பொதுவான ஒரு மின்னஞ்சல் முகவரி. இதற்குச் செலவே இல்லை.

எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருவது ஆய்வுக் கூட்டுறவில் நடப்பது. ஒரு பக்கம் வெயிலில் அலைந்து தரவு சேகரிக்கிறது. இன்னொரு பக்கம் கட்டுரை எழுதிப் பெயர் போட்டுக்கொள்கிறது. சேகரித்தவருக்குக் கட்டுரையின் கடைசியில் ஒரு நன்றி வரி. பணம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் கேள்வியையும் தீர்மானிக்கும் என்ற பழக்கத்திலிருந்து வருவது இது. தரவு யாருடையது, ஆசிரியர் வரிசை எப்படி என்பதை முதல் கூட்டத்திலேயே பேசிவிட வேண்டும். கூச்சமாக இருக்கும், ஆனாலும் பேச வேண்டும். செடி, நுண்ணுயிர் போன்ற மரபு வளங்களை வேறு நாட்டுக்கு அனுப்புவதானால், அவற்றால் வரும் பயனை அவை கிடைத்த நாட்டோடு பகிர்வதற்காக 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை என்ற பன்னாட்டு ஒப்பந்தம் பொருந்துமா என்று பாருங்கள். ஐரோப்பியக் கல்லூரியிலிருந்து மாணவர் விவரங்களைப் பெறுவதானால் 2018 முதல் அங்கே அமலில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

பிரிவதைப் பற்றிப் பேசாமல் சேருவதும் தவறுதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007இல் சிங்கப்பூரில் ஒரு வளாகம் திறந்தது. எதிர்பார்த்த அளவு மாணவர்கள் சேரவில்லை. முதல் செமஸ்டரோடு மூடிவிட்டார்கள். சேர்ந்தவர்களுக்குச் சிட்னிக்கு மாறும் வாய்ப்பு கிடைத்தது, ஆனால் ஊரும் செலவும் ஒரே நாளில் மாறின. அதே சிங்கப்பூரில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் (என்யூஎஸ்) சேர்ந்து நடத்திய, 2013இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய யேல்-என்யூஎஸ் கல்லூரி மூடப்படும் என்று 2021இல் அறிவித்தார்கள். எங்களைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்ற கோபம் மாணவர்களிடம் இருந்தது, நியாயமான கோபம்தான். ஆனாலும் அந்த ஆண்டு சேர்ந்தவர்கள் வரை எல்லாரும் அங்கேயே படித்து முடிக்க 2025 வரை அவகாசம் இருந்தது. உறவு முறிந்தாலும் உள்ளே இருப்பவர் படிப்பை முடிக்கலாம் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? சின்னதாக. இரண்டு ஆசிரியர்கள், ஒரு பாடம், ஆறு வாரம், இணையம் வழியாக இரண்டு வகுப்பு மாணவர்களும் சேர்ந்து செய்யும் ஒரு வேலை. விசாவும் விமானமும் வேண்டாம். யார் நேரத்துக்குப் பதில் எழுதுகிறார், யார் எழுதுவதில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு மாணவர்களை அனுப்பலாம். அனுப்பும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு தொலைபேசி எண்ணைத் தர வேண்டும்: புது ஊரில் இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சலில் கிடக்கும் மாணவர் கூப்பிட்டால், யாராவது எடுக்கும் எண்.