காவிரி டெல்டாவில் ஓட்டும் எம்டிபி சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக் தேர்ந்தெடுப்பது எப்படி

புது டிஸ்க் பிரேக் வாங்கக் கிளம்புவதற்கு முன்பு, இப்போது இருக்கும் பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதைக் கண்டறிய வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கங்களில் ஓடும் குறைந்த விலை எம்டிபி (மவுண்டன் பைக்) சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது கேபிளால் இயங்கும் மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேடுகள் என்ற இரண்டு உரசுகட்டைகளால் கவ்விப் பிடிக்கும் உறுப்புதான் காலிப்பர். இவ்வகைக் காலிப்பரில் பொதுவாக வெளிப்பக்கத்துப் பேடு மட்டுமே நகரும். அது டிஸ்க்கைச் சற்றே வளைத்துத் தள்ளி, உள்பக்கத்தில் அசையாமல் நிற்கும் பேடின்மேல் அழுத்தும். அந்த உள்பேடு டிஸ்க்கை உரசாமலும், அதே சமயம் ஒரு விசிட்டிங் கார்டின் கனத்துக்கு மேல் விலகாமலும் நிற்க வேண்டும். பேடு தேயத் தேய அந்த இடைவெளி கூடிக்கொண்டே போகும். திருகைத் திருப்பி யாரும் சரிசெய்யாவிட்டால் லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துவிடும். உள்கேபிள், வெளிக்கேபிள் இரண்டையும் புதிதாக மாற்றி, உள்பேடின் இடைவெளியைத் திருத்தி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகும் பிடி போதவில்லை என்றால் புது பிரேக்குக்குப் பணம் எடுத்து வைக்கலாம்.

அடுத்ததாகத் தீர்மானிக்க வேண்டியது, சைக்கிள் எங்கே ஓடப்போகிறது என்பது. பிரேக் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை செங்குத்தான மலைப்பாதைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. அவற்றை அப்படியே கல்லணைக்குக் கிழக்கே கொண்டுவந்தால் பொருந்தாது. ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெண்ணாற்றங்கரையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது ஒரு மாடு குறுக்கே வந்து, முழுமையாக நிறுத்த வேண்டியிருந்தால், பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 2,000 ஜூல். அதே எடையோடு ஒரு மலையிலிருந்து 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் 8 லட்சம் ஜூலுக்கும் மேல். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொண்டாலும், எஞ்சியது முழுவதும் இரண்டு மெல்லிய எஃகுத் தட்டுகளின் தலையில்தான் விழும். நான்கு பிஸ்டன் (பேடைத் தள்ளும் உருளை) காலிப்பர், 203 மில்லிமீட்டர் டிஸ்க், வெப்பம் கடத்தும் துடுப்பு வைத்த பேடு போன்றவை எல்லாம் இந்த வெப்பத்துக்காகப் பிறந்தவை. திருவாரூரில் அந்த வெப்பமே உண்டாகாது.

ஆகவே சமவெளியில் மட்டும் ஓட்டுகிறவர் நான்கு பிஸ்டனுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. மாதம் ஒருமுறையாவது கொல்லிமலைக்கோ பச்சைமலைக்கோ போகிறவர், அல்லது கேரியரில் மூட்டை கட்டிக்கொண்டு நெடும்பயணம் போகிறவர் விஷயம் வேறு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கையை எடுக்காமல் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்குகிறவருடைய ரெசின் (பிசின் கலவை) பேடுகள் பாதி வழியிலேயே சூடேறிப் பிடியை இழக்கக்கூடும். அவருக்கு முன்சக்கரத்திலாவது நான்கு பிஸ்டன் காலிப்பரும் பெரிய டிஸ்க்கும் தேவை.

டெல்டாவில் பிரேக்கைக் கெடுப்பது சேறு. வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, கல்லணையில் தண்ணீர் பிரிந்து, வாய்க்கால்களில் பாயத் தொடங்கியதிலிருந்து வடகிழக்குப் பருவமழை ஓயும் வரை கரைப்பாதை முழுதும் காய்ந்திருக்கும் நாள்கள் குறைவு. நடவுக் காலத்தில் கேஜ்வீல் (சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரம்) பூட்டிய டிராக்டர் வயலிலிருந்து மேலேறிச் சாலையில் போன பிறகு, வழியெல்லாம் களிமண் கட்டி கட்டியாகக் கிடக்கும். தூறல் விழுந்ததும் அது கரைந்து, தார்ச்சாலையின் மேல் கஞ்சிப் பதத்தில் பரவும். சக்கரம் அதை அள்ளி டிஸ்க்கின் துளைகளில் அப்பிக்கொண்டு காலிப்பருக்குள் சேர்க்கும்போது, நுண்ணிய வண்டலும் தண்ணீரும் கலந்த குழம்பு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே உப்புத்தாள் போல வேலை செய்யத் தொடங்கும். பிரேக் பிடிக்காதபோதும் ‘கரகர’ என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மெல்லிய ரெசின் பேடு, தொடர்ந்து மழைச்சேற்றில் ஓடினால், எதிர்பாராத வேகத்தில் இரும்புத் தகடு வரைக்கும் தேய்ந்துவிடும்.

இங்கேதான், கேபிளுக்குப் பதிலாகக் குழாயில் அடைத்த ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கின் உண்மையான பயன் தெரிகிறது. பேடு தேயும்போது அதன் பிஸ்டன் ரப்பர் சீலினூடே தானாகவே சற்று முன்னேறி நிற்பதால், லீவரின் தொடுபுள்ளி பெரும்பாலும் மாறாது. மெக்கானிக்கல் பிரேக்கில் ஒவ்வொரு சேற்று ஓட்டத்துக்குப் பிறகும் கையால் திருத்த வேண்டியதை இது தானே செய்துகொள்கிறது. கேபிள் வழியாகச் சேறும் தண்ணீரும் உள்ளே புகுந்து இறுகும் தொல்லையும் இதில் இல்லை. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்புக் காற்றில் ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே உள்கேபிள் துருப்பிடித்து வெளிக்கேபிளோடு ஒட்டிக்கொள்ளும். ஷிமானோ எம்டி200, டெக்ட்ரோ எச்டி-எம்275 போன்ற எளிய இரண்டு பிஸ்டன் ஹைட்ராலிக் பிரேக்குகளே டெல்டாவின் தேவைக்குத் தாராளமாகப் போதும்.

ஆனாலும் கேபிள் பிரேக்கை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எந்தச் சிற்றூர் சைக்கிள் கடையிலும் ஒரு கேபிளை மாற்றித் தருவார்கள். ஹைட்ராலிக் ஹோஸ் (ஆயில் குழாய்) அறுந்தால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோதான் போக வேண்டும். கேபிளிலேயே நிற்க விரும்புகிறவர், இரண்டு பக்கப் பேடுகளும் ஒருசேர நகரும் காலிப்பரைத் தேட வேண்டும். டிஆர்பி நிறுவனத்தின் ஸ்பைக் அப்படிப்பட்டது. அதே நிறுவனத்தின் ஸ்பயர், கேபிளைக் குறைவாக இழுக்கும் ரோடு சைக்கிள் லீவர்களுக்காகச் செய்யப்பட்டது. எம்டிபி லீவருடன் இணைத்தால் சரியாக வேலை செய்யாது. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் ஆர்டர் போடும்போது கவனம் தேவை.

ஹைட்ராலிக்குக்கு மாறுகிறவர்கள் பலர் கடைசி நிமிடத்தில் திகைத்து நிற்பது லீவரைப் பார்த்துத்தான். குறைந்த விலை சைக்கிள்கள் பலவற்றில் கியர் மாற்றும் ஷிஃப்டரும் பிரேக் லீவரும் ஒரே உறுப்பாக வார்க்கப்பட்டிருக்கும். ஷிமானோவின் ஈஎஃப்500 இதற்கு எடுத்துக்காட்டு. அந்த லீவரைக் கழற்றினால் ஷிஃப்டரும் கூடவே போய்விடும். எனவே தனி ஷிஃப்டர்களின் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். சில சமயம் அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்த பிறகு நல்ல கேபிள் காலிப்பரே போதும் என்று தோன்றும். இடது, வலதும் முக்கியம். நம் நாட்டில் மோட்டார் சைக்கிளைப் போலவே சைக்கிளிலும் முன்பிரேக் பெரும்பாலும் வலக்கையில் இருக்கும். வெளிநாட்டுச் சந்தைக்காக ஆயில் நிரப்பி அடைத்து வரும் செட்டுகளில் முன்பிரேக் இடக்கையில் அமைந்திருக்கலாம். பின்சக்கரத்துக்குரிய நீள ஹோஸ் எந்த லீவரில் இருக்கிறது என்று விற்பனையாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பழகிய கைக்கு மாறாக இருந்தால், அவசரத்தில் பின்பிரேக் என்று நினைத்து முன்பிரேக்கை இறுக்க நேரும்.

ஆயில் விஷயத்தில் இரண்டு சாதிகள் உண்டு. அவை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா ஆகியவை மினரல் ஆயிலில் இயங்குபவை. ஸ்ராம் பிரேக்குகளில் நெடுங்காலமாக, மோட்டார் வாகன பிரேக்குகளில் ஊற்றும் டாட் ஆயில்தான் வழக்கம்; டிபி8 போன்ற அதன் புதிய மாடல்கள் சிலவற்றில் மினரல் ஆயில் வந்திருக்கிறது. ஒன்றுக்குரிய சீலில் மற்றொன்றை ஊற்றினால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். டாட் 4, டாட் 5.1 இரண்டும் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. ஈரம் சேரச் சேர அவற்றின் கொதிநிலை குறையும். வெளியில் சிந்தினால் பெயிண்டையும் அரித்துவிடும். மினரல் ஆயிலுக்கு இந்தக் குணங்கள் இல்லாததால், ஆண்டில் பாதி நாள் ஈரம் தங்கும் இந்தப் பகுதிக்கு அதையே பரிந்துரைக்கிறேன். மோட்டார் சைக்கிள் கடையில் டாட் ஆயில் எளிதில் கிடைக்கும் என்ற வாதம் உண்மைதான். அதற்காக மினரல் பிரேக்கில் அதை ஊற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் சைக்கிளை விடக் கூடாது.

பேடில் ரெசின், சின்டர்டு மெட்டல் (உலோகத் தூளைச் சுட்டு இறுக்கியது) என்ற இரண்டையும் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருப்பார்கள். ரெசின் சத்தமில்லாமல், முதல் தொடுதலிலேயே மென்மையாகப் பிடிக்கும். மெட்டல் பேடு சற்றே கீச்சிடும். ஆனால் சேற்றிலும் ஈரத்திலும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையிலும் சைக்கிளை வீட்டில் நிறுத்தாதவருக்கு மெட்டல்தான் சரி. இதில் ஒரு தடை உண்டு: மலிவான டிஸ்க்குகள் பலவற்றின் மேல் ரெசின் பேடு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அவற்றின் எஃகு மென்மையானது என்பதால் மெட்டல் பேடு அதைச் சீக்கிரம் தின்றுவிடும். மெட்டல் பேடு போட விரும்பினால் அதற்கேற்ற டிஸ்க்கையும் சேர்த்து வாங்க வேண்டும். பேடின் வடிவம் காலிப்பருக்குக் காலிப்பர் மாறும் என்பதால், எந்த பிரேக்கையும் இறுதி செய்யுமுன் அதற்குரிய பேடு பக்கத்து ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிடுவது அவசியம். எவ்வளவு உயர்ந்த பிரேக்காக இருந்தாலும் பேடு கிடைக்காமல் மாதக்கணக்கில் நின்றால் பயனில்லை.

டிஸ்க்கின் அளவைப் பொறுத்தவரை, 160 மில்லிமீட்டரிலிருந்து 180-க்கு மாறினால் அதே கைவிசைக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடி கிடைக்கும். முன்சக்கரத்தில் 180, பின்சக்கரத்தில் 160 என்பது இங்கே போதுமான சேர்க்கை. அதற்கு மேல் போக ஆசைப்படுகிறவர் டயரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தை மாதத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும், மறுபாதியில் வைக்கோல் பரந்து கிடக்கும். அந்தத் தரையில் பிடி விட்டுப்போவது முதலில் டயருக்குத்தான். அங்கே தேவைப்படுவது விரல் அழுத்தத்துக்கேற்ப ஏறி இறங்கும் பிரேக். மேலும் ஃபோர்க்குக்கும் ஃபிரேமுக்கும் தாங்கக்கூடிய அதிகபட்ச டிஸ்க் அளவை அவற்றின் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். அதை மீறக் கூடாது.

பொருத்தும் முறையையும் நேரில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். காலிப்பரின் போல்ட் சக்கரத்துக்கு நேர்ப்போக்கில், முன்பின்னாக ஏறினால் அது போஸ்ட் மவுண்ட். ஃபிரேமிலோ ஃபோர்க்கிலோ உள்ள துளைகள் பக்கவாட்டில் இருந்தால் ஐஎஸ் மவுண்ட். பெரிய டிஸ்க்குக்கு மாறும்போது அதற்குரிய அடாப்டரும் வேண்டும். ஹப்பில் டிஸ்க் ஆறு போல்ட்டால் நிற்கிறதா, பல் வைத்த சென்டர் லாக்கா என்பதும் தெரிய வேண்டும். ஆறு போல்ட் வகைக்கு டி25 நட்சத்திரச் சாவி தேவை. பொருந்தாத ஆலன் சாவியை அடித்து நுழைத்தால் போல்ட்டின் தலை போய்விடும். எதிரெதிர் போல்ட்டுகளாகச் சிறிது சிறிதாக இறுக்கி, தயாரிப்பாளர் சொன்ன டார்க் (இறுக்கும் திருப்புவிசை) அளவில் முடிக்க வேண்டும்.

புது டிஸ்க்கையும் பேடையும் ஒன்றோடொன்று பழக்காமல் சேற்றில் இறக்கக் கூடாது. காய்ந்த, ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து நடக்கும் வேகத்துக்குச் சக்கரம் பூட்டாமல் இருபது முறை குறைத்து, பிறகு சற்றுக் கூடிய வேகத்திலிருந்து பத்து முறை அதையே செய்தால், பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படிந்து முழுப் பிடி வரும். முன், பின் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். சங்கிலியை மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்கும் பழக்கம் உள்ளவர்கள், அப்போது பின் டிஸ்க்கைத் துணியால் மூடிவிடுவது நல்லது. ஒரு துளி எண்ணெய் பட்ட டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துச் சரிசெய்யலாம். எண்ணெய் குடித்த பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சீமைக்கருவேல முள் ஏறிப் பஞ்சர் கடைக்குப் போகும்போது இரண்டு எச்சரிக்கைகளைக் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சக்கரம் கழற்றியிருக்கையில் லீவரை அழுத்தக் கூடாது. அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேடுகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது. பிரேக்குடன் வரும் பிளாஸ்டிக் கட்டையையோ மடித்த அட்டையையோ பேடுகளுக்கு நடுவே செருகி வைத்தால் இந்தக் கவலை இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருந்தால் லீவரில் இருந்த காற்றுக் குமிழி ஹோஸுக்குள் இறங்கியிருக்கலாம். நிமிர்த்திய பின் லீவரைப் பலமுறை அழுத்தி, அது மறுபடி கெட்டியாகிறதா என்று பார்த்த பிறகே ஏற வேண்டும். அப்போதும் பஞ்சு போல அமுங்கினால் பிளீடிங் (ஆயிலிலுள்ள காற்றை வெளியேற்றுதல்) செய்தாக வேண்டும்.

சேற்றில் ஓடி வந்த அன்றே ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் காலிப்பரைக் கழுவலாம். பம்ப்செட் குழாயின் முழு வேகத்தில் பிடித்தால் மண் ஹப்பின் பேரிங்குக்குள் போய்விடும். கழுவும்போதே பேடை ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும்: இரும்புத் தகடு நீங்கலாக உரசும் பகுதி அரை மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டால் ஷிமானோ பேடுகளை மாற்ற வேண்டும். ஷிமானோவின் புது டிஸ்க்கின் கனம் பொதுவாக 1.8 மில்லிமீட்டர், 1.5-ஐத் தொட்டுவிட்டால் டிஸ்க்கும் மாற்றத்துக்கு வந்துவிட்டது.